முட்டு எடுக்கும்போது உள்ளே இருப்பவர்

அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். வீட்டுக்காரர் முகம் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "வாம்மா, உட்காரு" என்றேன். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியிருந்த பழுப்புக் கறையை அண்ணாந்து பார்த்தபடியே மூன்று அடி பின்னால் போனார், இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தார், நின்றார்.

"சார், நாற்காலிய அந்தாண்ட போட்டுக்குங்க."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. போட்டுக்கொண்டேன். பதினோராம் நாள் மதியம், நாற்காலி முன்பு இருந்த இடத்தில் ஒரு காரைத்துண்டு பெயர்ந்து விழுந்தது. மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் எடை போட்டேன். ஒரு கிலோ நானூறு கிராம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் உடனே ஒரு ஸ்லாபைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த ஸ்லாப் என் வீட்டில் இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேரில் நான் அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது வரவில்லை.

பாகூரிலிருந்து கடல் பக்கமாகப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும் நாட்களில் ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். போர் தண்ணீரும் உப்பு. அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அந்தத் தண்ணீரையே ஊற்றி நனைத்து, ஊரில் எல்லாரும் காங்கிரீட் கூரை போட்ட மெத்தை வீடு கட்டினோம். பத்துப் பதினைந்து வருடத்தில் காரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும். ஊதினால் காரையைக் கீழே தள்ளும். நான் முப்பத்தோரு வருடம் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்துக்காக மாடு, ஆடு, பம்புசெட்டு என்று எண்ணிக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிளில் போனவன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக் கூரையில் துருக்கறை நாற்பத்தொன்று. எங்கள் தெருவில் காரை பெயர்ந்த வீடு பதினேழு.

என் மனைவிக்கு முழங்கால் போன பிறகு, கழிவறையை ஒட்டி ஓர் அறை கட்ட வேண்டியிருந்தது. பதினோரு அடிக்கு ஒன்பது அடி. மறுபடியும் கம்பி, மறுபடியும் துரு என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள்தான் சொன்னாள்.

"கம்பிக்கு பதுலா மூங்கி வெச்சி ஸ்லாப் போட்றாளாம் ஒருத்தி. நெட்டப்பாக்கத்துல மோட்டார் கொட்டா போட்ருக்காளாம். போய்ப் பாத்துட்டுதான் வாங்களேன். இங்க உக்காந்து என் மாத்திரைய எண்றதுக்கு அது தேவல."

இரண்டு பஸ் மாறி நெட்டப்பாக்கம் போனேன். நான் போய்ச் சேர்ந்த நாள், முட்டு எடுக்கும் நாளாக இருந்தது. ஸ்லாப் போடும்போது அடியில் பலகை அடித்து, அந்தப் பலகையைத் தாங்கச் சவுக்குக் கம்புகளை நட்டமாக நிறுத்தியிருப்பார்கள். காங்கிரீட் இறுகியதும் அந்த முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்க வேண்டும். தட்டுகிறவர்கள் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் தட்டுவார்கள். மேஸ்திரிகள் அந்த நேரத்தில் டீக்கடையில் இருப்பார்கள். இவர் ஒரு சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கொட்டகைக்கு நடுவில் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யம்மா, வெளிய வாம்மா! எம்மேல கேஸாயிடும்," என்று கரும்புக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று கத்தினார்.

"ஒரு வடைய குடுத்து அனுப்புங்கண்ணே. வெறும் டீ எறங்க மாட்டுது."

மொத்தம் ஆறு முட்டு. ஆறாவதை எடுத்தபோது அவர் வடையில் பாதி தின்றிருந்தார். மீதியைத் தின்று முடித்துவிட்டு எழுந்தார். அண்ணாந்து ஒருமுறை பார்த்தார். சட்டியை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்து வாய்க்காலில் கை கழுவினார். நான் வாசலுக்கு வெளியே நின்றபடியே விரிசலை எண்ணப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எதுக்கும்மா இந்த வேலை உனக்கு?" என்று கேட்டேன்.

"கட்டனவ நிக்காத எடத்துல, தட்றவன் மட்டும் எதுக்கு சார் நிக்கணும்?"

அவருடைய இடது தோள்பட்டை எலும்பு ஓரிடத்தில் முடிச்சுப் போல் புடைத்திருக்கும். இரவிக்கைக்கு வெளியே தெரியும். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. என் மனைவியிடம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லியிருக்கிறார். சித்தாளாக இருந்த காலத்தில், கடலோரத்தில் ஒரு வீடு. மேஸ்திரி முட்டுகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவருக்குத் தோள்பட்டை உடைந்தது. மற்றவர் எழுந்திருக்கவில்லை. "அவளும் நானும் ஒண்ணா பஸ் ஏறிப் போனோம் ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாராம். கீரையை முழுவதும் ஆய்ந்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மூங்கில் வேலையை யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். திண்டிவனம் சாலைப் பக்கம் வெளியூர்க்காரர்கள் சிலர் மூங்கிலில் கட்டிடம் கட்டினார்களாம். அங்கே இரண்டு வருடம் தண்ணீர் தூக்கியிருக்கிறார். "யாரும் கத்துக் குடுக்கல சார். பாத்துக்கினே தூக்கினேன்."

எங்கள் அறைக்குச் சுவர் எழுப்பியவர் எங்கள் ஊர் மேஸ்திரி. இந்தப் பக்கத்தில் கட்டிய வீடுகளில் பாதி அவர் கை. நல்ல வேலைக்காரர், வாய் மட்டும் நீளம். மூங்கில் என்று கேள்விப்பட்டதும் கரணையைக் கலவையில் செருகிவிட்டுச் சிரித்தார்.

"சார், மூங்கிலு நாலு பேரு தூக்கினு போறதுக்கு. அதுக்கு அடில போயி நீ படுக்கறேன்ற."

இவர் மூங்கில் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "தூக்கினு போறப்ப என்னிக்கினா ஒடிஞ்சிருக்குதா மேஸ்திரி?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். அவரை இவர் 'மேஸ்திரி' என்பார். இவரை அவர் 'ஏ மூங்கி' என்பார். இவர் ஜன்னல்களுக்கு மேல் போட்ட லிண்டலும் மோட்டார் கொட்டகையும் நின்றன. ஆனாலும் யாரும் இவரை மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை ஆம்பளைக்குத்தான். கம்பி வேலை, கொத்து வேலை இரண்டிலும் பெண்கள் சட்டி தூக்குவார்கள். சாகும்வரை சட்டிதான். மூங்கில் இன்னும் யார் கைக்கும் போகாத வேலை. அதனால்தான் இவர் அதைப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மனிதர்கள் படுத்து எழும் அறைக்கு இவர் போடும் முதல் ஸ்லாப் எங்களுடையது. மேஸ்திரி கையில் அப்போது இன்னும் மூன்று வீடு இருந்தது.

"இது நின்னா அந்த மூணு வூட்டுக்கும் மூங்கி வேல எனக்குக் குடுக்கணும்," என்றார் இவர். "ஆளுங்க முன்னாடி மேஸ்திரின்னு கூப்புடணும். ஒரு தபா கூப்ட்டா போதும்."

"கூப்புட்றேன்டி. மாலை போட்டுக் கூப்புட்றேன்."

அந்தப் பேச்சு நடந்தபோது நான் செங்கல் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

மூங்கிலை அவர் செஞ்சிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். கல் மூங்கில், உள்ளே ஓட்டை அநேகமாக இருக்காது. தை மாதம் வெட்டியது. பூச்சி அரிக்காமலிருக்க மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் இரண்டு மாதம் காயவைத்து, பட்டையாகப் பிளந்து வைத்திருந்தார். ஒவ்வொரு பட்டையையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரல் முட்டியால் தட்டுவார். அறுபதில் பதினொன்றை ஒதுக்கினார். மீதியில் சூடான தாரைப் பூசி, தார் ஆறுவதற்குள் மணலில் புரட்டுவார். மணல் ஒட்டினால்தான் காங்கிரீட் பிடிக்கும். என் மனைவி பின்வாசலில் நாற்காலி போட்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எள்ளுருண்டைய மாவுல பொரட்ற மாதிரி பொரட்றா பாருங்க" என்பாள்.

தார் எதற்கு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"மூங்கி குடிகாரன் சார். தண்ணியக் கண்டா வுடாது. குடிச்சா ஊதும். ஊதி இருக்கறப்ப காங்கிரீட்ட போட்டுட்டோம்னு வையுங்க, அந்த சைசுக்கு அது புடிச்சிக்கும். அப்பறமா உள்ளயே காஞ்சி எளைக்கும். ஆளு எளைச்சா மோதிரம் லூசாவுதே, அதுமாதிரி. வெளிய பாத்தா ஒண்ணியும் தெரியாது."

பலகைமேல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டி முடித்ததும் என்னைக் கேட்டார்.

"எத்தினி சார் வந்துது?"

"நாற்பத்தொன்பது."

அவர் திருப்பி எண்ணவில்லை. மேஸ்திரியிடம், "சார் எண்ணிட்டாருன்னா நாம எண்ண வாணாம்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு என் எண்ணிக்கையை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அளவுக்கு வெட்டிய பிறகு பட்டைகளின் முனைகளுக்குத் தார் பூச வேண்டும். வெட்டிய இடம் வெள்ளையாக, நார் தெரியத் திறந்திருக்கும். நாற்பத்தொன்பது பட்டைக்குத் தொண்ணூற்றெட்டு முனை. அதற்குத் தார் போதவில்லை. மறுநாள் காலை காங்கிரீட். சித்திரை மாதம், மழைக்கு வாய்ப்பில்லை. ஆனாலும் தார்ப்பாயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "மழ கிழ வந்தா இழுத்து வுட்ருங்க சார்" என்று சொல்லி மதியம் வில்லியனூருக்குத் தார் வாங்கப் பஸ் ஏறினார். காலையில் வந்து பூசிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

அவர் போனதும் மேஸ்திரி சாப்பிடக் கிளம்பினார். கிளம்பும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"சார், நாளைக்கி காங்கிரீட்டு. செவுத்தையும் பலகையையும் நல்லா நனைச்சி வையி. காஞ்ச பலகை காங்கிரீட்டுத் தண்ணிய இஸ்துக்கும்."

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் செய்யும் ஒரே வேலை தண்ணீர் ஊற்றுவது. மற்றதெல்லாம் மேஸ்திரி வேலை. தண்ணீர் ஊற்றாத வீட்டுக்காரனை ஊரே திட்டும். இந்த வீட்டைக் கட்டியபோதும் நான்தான் ஊற்றினேன். அன்று மதியம் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் வாளி வாளியாக ஏற்றி ஊற்றினேன். பட்டைகளுக்குத்தான் தார் பூசியிருக்கிறதே, அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். முனைகளுக்குப் பூசவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் தொண்ணூற்றெட்டையும் எண்ணியிருந்தேன். எண்ணினேனே தவிர அதை நினைக்கவில்லை.

இருபத்திரண்டாவது வாளிக்குப் பிறகு பார்த்தேன். பலகைமேல் தண்ணீர் தேங்கி நின்றது. வெள்ளையாக இருந்த முனைகள் கறுத்திருந்தன.

தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். ஒவ்வொன்றாகத் தொண்ணூற்றெட்டையும் துடைத்தேன். அதற்குள் வெயில் பலகையைக் காயவைத்துவிட்டது. ஐந்து மணிக்கு எதுவும் நடக்காதது போல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் தார் டின்னோடு வந்தார். மிக்சர் மிஷின் வந்துவிட்டது. ஒன்பது ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜல்லி, மணல் எல்லாம் கொட்டியாயிற்று. அவர் குனிந்து ஒரு முனையைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், தண்ணி எதுனா பட்டுதா?"

"இல்லையே" என்றேன்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கட்டிய அத்தனையையும் பிரித்து ஒரு வாரம் காயப்போட்டிருப்பார். அவர் அப்படிப்பட்டவர். ஆட்கள் திரும்பிப் போயிருப்பார்கள். மேஸ்திரி என்னைத் திட்டியிருப்பார். இதெல்லாம் அந்த ஒரு வினாடியில் எனக்குத் தோன்றியது.

அவர் தலையாட்டினார். ஒரு பழைய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு முனை முனையாகத் தார் பூசினார். உள்ளே போன தண்ணீர் வெளியே வரமுடியாதபடி, ஒன்றைக்கூட விடாமல் பூசினார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன்.

காங்கிரீட் போட்டு முப்பத்தைந்து நாள் முட்டு நின்றது. மேஸ்திரி இருபத்தெட்டு நாள் போதும் என்றார். இவர்தான் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றார். முப்பத்தைந்து நாளும் நான் மேலே தண்ணீர் கட்டினேன். அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போவார். "சார் மாதிரி தண்ணி கட்டற வூட்டுக்காரரு எங்கயும் இல்ல" என்று மேஸ்திரியிடம் சொன்னார்.

முட்டு எடுக்கும் நாளன்று அவர் புதுச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அறைக்கு நடுவில் உட்கார்ந்தார். என் மனைவி டீயும் இரண்டு மெதுவடையும் கொடுத்து அனுப்பினாள். பதினாறு முட்டு. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன்.

"உள்ள போறியேம்மா" என்றேன்.

"போனாதான சார் அவுரு கூப்புடுவாரு," என்றார்.

மேஸ்திரி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஒரு சாமந்தி மாலை வாங்கி வைத்திருந்தார். அதை வேப்பமரத்துக் கிளையில் மாட்டியிருந்தார்.

பத்து முட்டு எடுக்கும்வரை ஒன்றும் ஆகவில்லை. பதினொன்றாவதைத் தட்டியபோது உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. பெட்டியை மூடுவது போல் ஒரு சத்தம். சிமெண்டுத் தூள் கொட்டியது. மீதி நின்ற ஐந்து சவுக்குக் கம்புகளும் வில்லாக வளைந்தன. தட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வெளியே ஓடிவந்துவிட்டார்கள்.

அவர் வரவில்லை.

"யாரும் தட்டாதீங்க. எடுத்தத திருப்பி வைக்கணும்," என்ற குரல் மட்டும் கேட்டது.

யாரும் உள்ளே போகவில்லை. அவரே ஒரு கம்பைத் தூக்கி நிறுத்தி, அடியில் ஆப்பை வைத்து அடித்தார். அடுத்ததைத் தூக்கினார். மூன்றாவதைத் தூக்கும்போது மேஸ்திரி துண்டை உதறிக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். இரண்டு பேருமாகப் பதினொரு முட்டுகளையும் திருப்பி வைத்தார்கள். நான் வெளியே நின்று எண்ணினேன்.

வெளியே வந்தபோது இவர் தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. டீ அப்படியே இருந்தது, அதில் தூள் விழுந்து மிதந்தது. மேஸ்திரி மாலையைக் கிளையிலிருந்து எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி பைக் பெட்டிக்குள் வைத்தார். அவர் சிரிக்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

நான்காம் நாள் இவரே சம்மட்டியோடு வந்தார். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு மேலேயிருந்து ஸ்லாபை உடைத்தார். உடைந்த துண்டுகளிலிருந்து பட்டைகளை உருவினார். உறையிலிருந்து கத்தி வருவது போல் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒட்டிய மணல் காங்கிரீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு பட்டையை நீளவாக்கில் பிளந்தார். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு உள்ளே கறுப்பு. முகர்ந்து பார்த்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"சார், அன்னிக்கி தண்ணி கிண்ணி பட்டுதா?"

"இல்லம்மா" என்றேன்.

முதல் தடவைக்கு ஒன்பது ஆட்கள் இருந்தார்கள், மிஷின் இருந்தது. இரண்டாவது தடவைக்குக் காரணம் எதுவும் இல்லை. மூன்று வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவர் பழக்கப்படி அண்ணாந்து பார்த்தார். கூரை இல்லை. பிறகு மேஸ்திரியிடம் போய், ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"முனைக்கு தார் பூசாம வுட்டுட்டு பஸ் ஏறனது நான். தப்பு என்னிதுதான்."

அந்த அறைக்கு மேஸ்திரி கம்பி கட்டி ஸ்லாப் போட்டார். சட்டி தூக்க வந்த பெண்களில் அவரும் இருந்தார். மேஸ்திரிதான் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். அந்த முட்டுகளை எடுத்த அன்று அவர் பழக்கத்தில் உள்ளே போய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார்.

"ஏ, வெளிய வா," என்றார் மேஸ்திரி, கோபமில்லாமல். "இது உன்து இல்ல."

அவர் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து எங்களோடு நின்றார். என் பக்கத்தில்தான் நின்றார். முதல் முட்டைத் தட்டியபோது அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. ஸ்லாப் நின்றது. மேஸ்திரி கைவசம் இருந்த மூன்று வீட்டுக்கும் கம்பிதான் போட்டார்கள்.

என் மனைவி இப்போது அந்த அறையில்தான் படுக்கிறாள். கூரையில் துருக்கறை நான்கு. போன பங்குனியில் ஒருநாள் காலை, மாத்திரை கொடுக்கப் போனேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஏங்க, அன்னிக்கி உங்க வேட்டி முழங்கால் வரைக்கும் ஈரம். நான்தான் கொடில போட்டேன்," என்றாள்.

நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

"அவகிட்ட போயி சொல்லிட்டு வந்துடுங்க," என்றாள். தண்ணீரைக் குடித்தாள்.

வில்லியனூர் சாலையில் ஒரு வீட்டுக்கு அன்று மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மேலே நின்றிருந்தார். மிக்சர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் பெண்கள் வரிசையில் கடைசியாக, தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு சட்டிக்காக நின்றார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னா சார், இவ்ளோ தூரம்?" என்று வரிசையை விட்டு வந்தார். என் தலைக்கு மேலே ஒருமுறை பார்த்தார். நான் நின்றது சாரத்துக்கு அடியில். "இப்பிடி வந்து நில்லுங்க" என்று நிழலுக்கு அழைத்தார்.

"அன்னிக்கி தண்ணி ஊத்தினது நான்தாம்மா," என்றேன்.

அவர் சும்மாட்டை எடுத்துப் பிரித்து, மறுபடி சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டேனே சார். ரெண்டு தபா கேட்டேன்."

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. மிஷினில் எத்தனை மூட்டை போயிருக்கும் என்று பக்கத்தில் கிடந்த வெற்றுச் சாக்குகளைப் பார்த்தேன். பதினான்கு.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது?" என்றார். "எனக்குத்தான் தெரியுமே. தோ மேல நிக்கிறாரு பாருங்க, அவுர்கிட்ட சொல்லுங்க. கேட்டாருன்னா நாளைக்கே நான் மூங்கி எடுக்க செஞ்சிக்கு போவேன்."

சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விட்டார். சட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஏணிப்பலகையில் ஏறும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் சாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, மேலே பார்த்துச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். "மேஸ்திரி, அந்த மூங்கில்ல தண்ணி ஊத்தினது நான்தான். அந்தம்மா மேல தப்பில்ல."

மேஸ்திரி காதில் கையை வைத்துக் குனிந்தார். மிஷின்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மிஷின் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் ஏணிப்பலகையின் பாதியில், தலையில் சட்டியோடு நின்று பார்த்தார்.

"இன்னா சார் சொன்ன? மிஷினு சத்தத்துல கேக்கல."

"ஒண்ணுமில்லப்பா," என்றேன். "முட்டு எத்தனை வெச்சிருக்கன்னு கேட்டேன்."

"இருபத்தாறு சார்."

சரிதான். வரும்போதே எண்ணியிருந்தேன்.